இரண்டிலும் சிவப்பு

என் மேசை இழுப்பறையில் ஒரு தினசரிக் காலண்டர் தாள் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் தங்கச்சியின் கையெழுத்தில் ஆறு செடிகளின் பெயர்கள். எல்லாமே டயாந்தஸ் என்ற ஒரே இனத்துப் பூச்செடிகள். பனி நாட்டுத் தோட்டத்தில் தாக்குப்பிடிப்பவை எவை, அவற்றில் தனக்குப் பிடித்தவை எவை என்று அவளே வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்தது. முதல் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறாள். கடைசிப் பெயரைக் குறுக்கே அடித்து, "இது வேண்டாம், ஒரு குளிருக்கே போயிரும்" என்று எழுதியிருக்கிறாள். புதுச்சத்திரத்தில், சித்திரை வெயிலில் ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டுகிற இந்த ஊரில், எனக்கு எதற்கம்மா இந்தப் பட்டியல் என்று அன்றைக்குச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "வெச்சிருங்க்கா, எடுத்துப் படிச்சா நான் பேசறாப்பல இருக்கும்" என்றாள்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறவள். டயாந்தஸை எத்தனையோ வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். எதிரெதிராக ஒட்டி நிற்கும் ஒல்லி இலைகள், தண்டில் கணுக்கணுவாய் ஒரு வீக்கம், ஓரம் வெட்டுப்பட்ட ஐந்து இதழ்கள். படம் நன்றாகத்தான் வரும். பூவை மட்டும் வெகுநாள் நேரில் பார்த்ததில்லை. மார்கழியில் சேலத்து நர்சரிகளில் தொட்டியில் வைத்து விற்பார்கள் என்பதுகூட அவள் சொல்லித்தான் தெரியும். வாங்கி வந்து வைத்தேன். மாசி வரைக்கும் பூத்தது, பங்குனியில் கருகிப் போயிற்று. பாடம் நடத்துகிறவளுக்குத் தெரியாத செடி, எம்.காம். படித்துவிட்டுக் கனடாவுக்குக் கல்யாணமாகிப் போனவளுக்கு அத்துப்படியாக இருந்தது. டீச்சரம்மாவுக்கு நான் டியூசன் எடுக்கறேன் என்று கேலி செய்வாள். அது அவள் கேலி செய்துகொண்டிருந்த காலம்.

எனக்கும் அவளுக்கும் பதினொரு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு தலை சீவிவிட்டது, பேன் பார்த்தது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது எல்லாம் நான்தான். அக்கா என்று கூப்பிட்டாலும் அம்மாவிடம் சொல்வதையெல்லாம் என்னிடம்தான் சொன்னாள். அப்பா பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறை வைத்திருந்தார். நாளெல்லாம் தறிச் சத்தத்தில் நின்று பழகியவர், வீட்டில் யார் மெதுவாகப் பேசினாலும் அவர் காதில் விழாது. நல்ல மனுஷன். ஆனால் எதையும் தானாக முடிவு செய்யமாட்டார். பெரிய காரியம் என்று எது வந்தாலும் எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

எங்கள் கோயிலில் அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அரச இலையில் ஒரு வெள்ளைப் பூவை மடித்து ஒரு பொட்டலம். இன்னொரு இலையில் ஒரு செவ்வரளியை மடித்து இன்னொன்று. இரண்டும் ஒரே அளவு, ஒரே நூல். எது எது என்று கட்டியவருக்கே அடையாளம் தெரியக்கூடாது. இரண்டையும் ஆத்தாவின் காலடியில் போட்டுவிட்டு, கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் கேட்டதற்கு ஆத்தா சரி என்றாள் என்று அர்த்தம், சிவப்பு வந்தால் கூடாது. இதற்கு உத்தரவு என்று பெயர். "உத்தரவு ஆயிருச்சு" என்று அப்பா சொல்லிவிட்டால் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அது அப்படியே கோயில் கிணற்றுக்குப் போய்விடும்.

எனக்கும் ஒருமுறை பார்த்தார்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வரன், கல்லூரி வேலை, எனக்கும் மனசுக்குப் பிடித்திருந்தது. சிவப்பு வந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப்போய், நான் இப்படியே நின்றுவிட்டேன். இதைச் சொல்லிப் புலம்புவதற்காக எழுதவில்லை. பின்னால் நான் செய்த காரியத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. தங்கச்சியின் கல்யாணத்துக்குப் பார்த்தபோது வெள்ளை வந்தது. மாப்பிள்ளை கனடாவில் இன்ஜினியர், ஒரே பையன், தோட்டம் துரவு உள்ள குடும்பம். அப்பா கோயிலிலேயே எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார்.

அவள் போன ஊரில் வருடத்தில் ஆறு மாதம் பனி கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எனக்குப் போன் வரும், அவளுக்கு அது சனிக்கிழமை ராத்திரி. முதல் வருடம் நன்றாகத்தான் பேசினாள். இரண்டாம் வருடத்திலிருந்து குரலோடு கூட ஒரு வெற்றுச் சத்தம் சேர்ந்து வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது மாப்பிள்ளையின் சட்டம் என்று எனக்கு உறைக்கவே சில மாதங்கள் ஆயின. நான் ஏதாவது கேட்டால், "நல்லா இருக்கறனுங்க்கா" என்பாள். பிறகு ஒரு இருமல் கேட்கும், அது அவளுடையது அல்ல. அந்தச் சமயத்தில்தான் செடிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். செடிப் பேச்சுக்கு அவர் ஒன்றும் சொல்வதில்லை. பொம்பளைங்க பேச்சு என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

பட்டியலில் இரண்டு நட்சத்திரம் வாங்கியது ஃபயர்விட்ச் என்று ஒன்று. நெருப்புச் சூனியக்காரி என்று தமிழில் சொல்லி இருவரும் சிரித்திருக்கிறோம். நீலமும் சாம்பலும் கலந்த இலைகளோடு தலையணை மாதிரி மண்ணை ஒட்டிப் படர்ந்து கிடக்குமாம், பூ அழுத்தமான ரோஸ் நிறம், கிட்டப் போனால் கிராம்பு வாசம். பனி மூடி ஐந்து மாதம் கழித்து விலகும்போது, வைத்த நிறத்திலேயே இலை அப்படியே இருக்குமாம். "எல்லாச் செடியும் மண்ணுக்குள்ள போய்ப் படுத்துக்குமுங்க்கா. இது மட்டும் மேல கெடந்தே தாங்கும்" என்றாள். கல்லிடுக்கில் பாய் விரித்தாற்போலப் படரும் மெய்டன் பிங்க் என்ற சின்னப் பூவைப் பற்றிச் சொல்லும்போது, "போறவங்க வாரவங்க மிதிச்சாலும் சாகாதுங்க்கா, ரெண்டு நாள்ல நிமிந்துக்கும்" என்றாள். நான் இந்த முனையில் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். மிதிக்கிறது யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் பேச்சு முழுக்கச் செடியாயிற்று. யாரும் கற்றுக்கொடுக்காமல் இருவருக்கும் அந்தப் பாஷை பிடிபட்டது. செடி எப்படி இருக்கு என்று கேட்பேன். "இலை ஓரத்துல கருகியிருக்குதுங்க்கா" என்றால் அந்த வாரம் அடி விழுந்திருக்கிறது. "இந்த வாரம் வெயிலு வந்துச்சு" என்றால் அவர் வேலையாக வெளியூர் போயிருந்தார். ஸ்வீட் வில்லியம் முதல் வருடம் வெறும் இலைதான் விடும், மறு வருடம்தான் பூக்கும் என்று சொல்லி, அதுவரைக்கும் பொறுக்கோணும் என்று அவளே அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வாள். ஒருமுறை நான் பாடப் புத்தக அறிவில், அவ்வளவு குளிரில் செடி செத்துப் போகாதா என்று கேட்டேன். "குளிருல சாகாதுங்க்கா. வேருல தண்ணி நின்னாத்தான் சாகும். வடியறதுக்கு ஒரு வழி இருந்தாப் போதும்" என்றாள். இத்தனை வருடம் பாடம் நடத்தியதில் எந்த வரியும் என்னை இப்படி அறுத்ததில்லை.

அப்பாவிடம் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். பிறகு நேராகவே சொன்னேன். "அம்மிணி, வெள்ளப்பூ வந்து பண்ணி வெச்ச கல்யாணம். கொஞ்சம் முன்னப் பின்னதான் இருக்கும்" என்றார். அவருக்கு மகள்மேல் பாசம் இல்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பாசத்தைவிடப் பூவின்மேல் பயம் அதிகம்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, தை மாதத்தில், நேரம் கெட்ட நேரத்தில் போன் வந்தது. செவ்வாய்க்கிழமை, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எடுத்தால் ஸ்பீக்கர் சத்தம் இல்லை, அவள் குரல் மட்டும் காதுக்குள் வந்தது. பின்னால் தூரத்தில் ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "அவரு வாசல்ல பனி தள்ளறாருங்க்கா. மிசின் சத்தம் நிக்கற வரைக்கும் பேசலாம்" என்றாள். முந்தின வாரம் சாப்பாட்டில் ஏதோ குறை சொல்லி, செருப்பில்லாமல் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார். ஒரு மணி நேரம். காலில் இரண்டு விரல் மரத்துப்போய் இன்னும் உணர்ச்சி வரவில்லை. பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது. அழவில்லை, மூச்சு வாங்க வாங்க வேகமாகச் சொன்னாள். போலீசைக் கூப்பிடச் சொன்னேன். "அப்பா உத்தரவு இல்லாம நான் எங்கீங்க்கா போவேன்? ஊட்டுக்கு வந்தாக் கதவத் தெறக்கோணுமில்ல" என்றாள்.

அப்புறம்தான் அதைச் சொன்னாள். அப்பாவிடம் பேசியிருக்கிறாள். வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அவர் வழக்கம்போல, வெள்ளிக்கிழமை கோயிலில் கேட்டுவிடலாம் சாமி என்று செல்லமாகச் சொல்லியிருக்கிறார். "பொட்டலம் நீங்கதானுங்க்கா கட்டுவீங்க?" என்றாள். ஆமாம், எப்போதும் நான்தான் கட்டுவேன். "ரெண்டுலயும் செவப்ப வெச்சுருங்க்கா. எது வந்தாலும் செவப்பா வரட்டும். உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்." அவ்வளவுதான், இயந்திரச் சத்தம் நின்றது, போனும் நின்றது. பொண்ணு மாப்பிள்ளை வீட்டிலேயே இருக்கலாமா என்றுதான் அப்பா ஆத்தாவைக் கேட்கப் போகிறார். சிவப்பு வந்தால் இருக்க வேண்டாம், அவள் வீட்டுக்கு வந்துவிடலாம். அவள் உயிர் என் கையில் இரண்டு அரச இலையாக வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் செவ்வரளி இரண்டும் நந்தியாவட்டை ஒன்றும் பறித்தேன். கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இலையை மடித்தேன். அப்பா பத்தடி தள்ளிப் பூசாரியோடு பேசிக்கொண்டிருந்தார், என் பக்கம் பார்க்கவில்லை. முதல் பொட்டலத்தில் செவ்வரளியை வைத்துக் கட்டினேன். இரண்டாவது இலையிலும் செவ்வரளியை வைத்துவிட்டேன். சத்தியமாக வைத்தேன். பிறகு எடுத்தேன். கை நடுங்கியது என்றெல்லாம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை, கை நன்றாகத்தான் இருந்தது. ஆத்தாவை ஏமாற்றினால் தங்கச்சிக்கு இன்னும் கெடுதல் வந்துவிடுமோ என்று பயந்தேன். அது பாதிக் காரணம். மீதிப் பாதியை இத்தனை வருடம் எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. இந்தப் பொட்டலத்தில் பூவை மாற்ற முடியும் என்றால், என் கல்யாணத்துக்குக் கட்டிய பொட்டலத்திலும் மாற்றியிருக்கலாமே. ஒரு அரளிப்பூவுக்காக நான் விட்டுக்கொடுத்த வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடுமே. என் கீழ்ப்படிதலைக் காப்பாற்றிக்கொள்ள அவளைக் கைவிட்டேன். நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன்.

வெள்ளைதான் வந்தது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "உத்தரவு ஆயிருச்சு அம்மிணி, இனி ஆத்தா பாத்துக்குவா" என்றார். கொல்லிமலை எதிரே தெளிவாக நின்றது. பஸ்ஸில் திரும்பும்போது அவர் தூங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஸ்பீக்கரில் வந்தாள். குசலம் எல்லாம் முடிந்து, குரலை ஒருமாதிரி லேசாக்கிக்கொண்டு, "ஏனுங்க்கா, ரெண்டு தொட்டிலயும் செவப்பே வெச்சீங்களா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை பக்கத்தில் கப்பை வைக்கும் சத்தம் கேட்டது. இல்லை சாமி, எனக்குத் தைரியம் வரவில்லை என்று சொல்ல எனக்கு அந்தப் பாஷையிலேயே வழி இருந்தது. ஒரு தொட்டியில் வெள்ளை வைத்துவிட்டேன் என்று சொன்னால் போதும். நான் சொன்னது இது: "ஆமா சாமி, ரெண்டுலயும் செவப்புத்தான் வெச்சேன். பூத்தது வெள்ளையாப் போச்சு."

என்மேல் அவளுக்குக் கோபம் வந்துவிடக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் வாயில் வந்தது அது. அதன் மறுபாதியை நான் யோசிக்கவே இல்லை. "செவப்பு வெச்சு வெள்ள பூத்துச்சுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப அது மனுசங்க கையில இல்லீங்க்கா" என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. தீர்ப்பு கேட்டுக்கொண்ட குரல். ஆத்தாவே இலைக்குள் கையை விட்டுச் சிவப்பை வெள்ளையாக மாற்றி, அங்கேயே கிட என்று சொல்லிவிட்டதாக என் தங்கச்சி நம்பிவிட்டாள். வெறும் வெள்ளை வந்திருந்தால்கூட ஒருநாள் அவள் மீறியிருப்பாள். அவளுக்குப் படிப்பு இருக்கிறது, புத்தி இருக்கிறது. அற்புதத்தை எப்படி மீறுவாள்? அவள் கதவுக்கு மாப்பிள்ளை போட்ட பூட்டைவிடப் பெரிய பூட்டை நான் போட்டேன்.

அதற்குப் பிறகு இலை கருகியதை அவள் சொல்வதே நின்றுபோயிற்று. செடி எப்படி என்று கேட்டால் செடியை மட்டும் சொன்னாள். உறைவதும் உருகுவதும் மாறிமாறி வந்தால் மண் பொங்கி வேரை மேலே தள்ளிவிடும், காலால் மெதுவாக அழுத்திவிட வேண்டும் என்றாள். பூத்து முடிந்ததும் பாதிக்கு வெட்டிவிட்டால் மறுபடியும் பூக்கும் என்றாள். பனிக்கு முன்னால் பைன் கிளைகளை மேலே பரப்பி மூட வேண்டும், சருகு போட்டு மூடினால் ஈரம் கோத்து அழுகிவிடும் என்றாள். சுத்த வெள்ளையில் ஒரு வகையைப் புதிதாக வாங்கி வாசலோரம் வைத்திருப்பதாகச் சொன்னாள். எதற்காக வெள்ளை என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்குக் கண் ஆப்பரேஷன் என்று மூன்று வாரம் வந்திருந்தாள், மாப்பிள்ளையும் கூடவே. இழுப்பறையில் இருக்கும் பட்டியலை எழுதிக் கொடுத்தது அப்போதுதான். ஆள் பாதியாக இருந்தாள். இடது காலை ஊன்றும்போது ஒரு சின்னத் தயக்கம், பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். ஒருநாள் அப்பாவும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போக, நாங்கள் இருவர் மட்டும் கோயிலுக்குப் போனோம். யாரும் ஒட்டுக்கேட்காத முழு மத்தியானம் எங்களுக்குக் கிடைத்தது. சன்னதியில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "யார்கிட்டயும் சொல்லலீங்க்கா. ஆனா நமக்காக ஆத்தா பூவையே மாத்தியிருக்கறா. அப்படீன்னா என்னமோ ஒண்ண மனசுல வெச்சுத்தான் என்னைய அங்க வெச்சிருக்கறா. அத நெனச்சுத்தான் ஒவ்வொரு நாளையும் ஓட்டறேன்" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. அவள் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கொம்பை நான் எப்படி முறிப்பேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் முகத்தைப் பார்க்கப் பயம். ஊருக்குத் திரும்பிப் போனாள். நாமக்கல் வரைக்கும் கூடவே போய் இறங்கி, பஸ் ஸ்டாண்டு தாண்டிக் கார் போகும்வரை கையசைத்துக்கொண்டு நின்றேன்.

இந்த வருடம் மார்கழி முடியும்போது, வழக்கமான ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில், பைன் கிளை போட்டு மூடியாயிற்றா என்று கேட்டேன். "இந்த வருசம் மூடலீங்க்கா" என்றாள். ஏன் என்றேன். "இருந்தா இருக்கட்டும், போனாப் போகட்டும்னு உட்டுட்டேன். எனக்கும் அலுத்துப்போச்சு" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். அது செடிப் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பில் நின்றால் பாடம் வரவில்லை, படுத்தால் தூக்கம் வரவில்லை. அந்த ஒரு வாரத்தில் எனக்கு ஒன்று மட்டும் உறுதியாயிற்று. நான் காப்பாற்றிக்கொண்டு வந்தது அவளுடைய கொம்பை அல்ல, என்னுடைய முகத்தை. அவள் போய்விட்டால் அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? மாப்பிள்ளை கேட்டாலும் சரி, அப்பா கேட்டாலும் சரி, அடுத்த போனில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்தப் போன் வந்து இன்றைக்குப் பதினொரு நாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன் இல்லை. நான் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. அவள் ஊரில் ஒரு பெண்கள் உதவி மையத்தைத் தேடிப் பிடித்து, என் தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில் விலாசத்தைச் சொல்லியிருக்கிறேன். ஆள் அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இன்னொருக்காக் கேட்டுப் பாக்கலாமா அம்மிணி?" என்றார். இந்த ஜென்மத்தில் இனி என் கையால் பொட்டலம் கட்டமாட்டேன் என்றேன். அவருக்கு முன்னால் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல்முறை, நன்றாகவே கேட்டது அவருக்கு. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதுவதும் கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்பதால்தான்.

அன்றைக்கு அவள் கூப்பிட்டபோது ஸ்பீக்கர் இல்லை. பின்னால் வாசலில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். செடி, தொட்டி என்று எதையும் போட்டு மூடாமல் சொன்னேன். "சாமி, அன்னைக்கு நான் ரெண்டுலயும் செவப்பு வெக்கல. ஒண்ணுல வெள்ளை வெச்சேன். பயந்துட்டேன். உங்கிட்டப் பொய் சொன்னேன். ஆத்தா எதையும் மாத்தல." அந்த முனையில் இயந்திரச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அப்ப என்னைய இங்க இருன்னு யாருமே சொல்லலீங்களாக்கா?" என்றாள்.

"யாரும் சொல்லல சாமி. ரெண்டு பூவுல ஒண்ணு கையில வந்துச்சு. அவ்வளவுதான். நீ வந்துரு. இன்னைக்கே கெளம்பு. கதவ நான் தெறந்து வெச்சிருக்கேன்."

"யாரு உத்தரவுங்க்கா?"

"என்னோட உத்தரவு."

வாசலில் இயந்திரம் நின்றது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை, அவசரப்படவும் இல்லை.

"இத அன்னைக்கே குடுத்திருக்கலாமேங்க்கா" என்றாள்.